கேடிஎச் வேனை மோட்டர்ஹோம் ஆக்குகிறோம்: நுவரெலியாக் குளிருக்கு எந்த ஹீட்டர், எவ்வளவு பெட்டரி?

ஹட்டன்_ரோட் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். டொயோட்டா கேடிஎச் நீள வேன், டீசல். பின் ஆசனங்கள் கழற்றியாகிவிட்டது. மூன்று பேர் தூங்க வேண்டும்: நாங்கள் இருவர், எட்டு வயதுப் பிள்ளை ஒன்று. போகப்போவது பெரும்பாலும் நுவரெலியா, கந்தப்பளை, அம்பேவெல, பட்டிப்பொல பக்கம். சில நாட்கள் அப்புத்தளை, பண்டாரவளை. பாதி இரவுகள் தெரிந்தவர்களின் தோட்ட பங்களா முற்றத்தில் நிறுத்துவோம், அங்கே கரண்ட் எடுக்கலாம். மீதி இரவுகளில் எதுவும் கிடைக்காது.

கேட்க விரும்புவது:
சூட்டுக்கு டீசல் ஹீட்டரா, காஸா, கரண்டா?
12 வோல்ட் லிதியம் பெட்டரி 100 அம்பியர் மணி போதுமா, 200 வேண்டுமா?
கூரையில் சோலார் போட்டால் இந்த மூடுபனியில் பிரயோசனம் உண்டா?
உள்ளே ரெஜிஃபோம் (வெள்ளைத் தெர்மோகோல் பலகை) அடிக்கலாமா? ஹாட்வெயாரில் மலிவாகக் கிடைக்கிறது.

சமையல் 5 கிலோ சிலிண்டரில். சின்ன பிரிட்ஜ் ஒன்று, லைட், போன், ஒரு லெப்டொப். முடிந்தால் ரைஸ் குக்கரும்.

—

டீசல்_பாஸ் எழுதியது:

நீங்கள் கடைசியாகக் கேட்டதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஹீட்டரின் அளவைத் தீர்மானிப்பது வேனின் தகரம்.

ஒரு கணக்குப் போடுவோம். கேடிஎச் நீள வேனின் உட்பக்கத் தகரமும் தரையும் கூரையும் சேர்ந்து சுமார் 28 சதுர மீற்றர், கண்ணாடி 4.5 சதுர மீற்றர் என்று வையுங்கள். வெளியே 5 பாகை, உள்ளே 18 பாகை வேண்டும். வித்தியாசம் 13 பாகை.

வெறும் தகரமாக இருந்தால் தகரம் வழியே ஏறக்குறைய 2000 வாட், கண்ணாடி வழியே 320 வாட், காற்றோட்டத்தில் 90 வாட். மொத்தம் 2400 வாட் வெளியே போகும்.

20 மி.மீ. மூடிய துளை ஃபோம் (துளைகள் ஒன்றோடொன்று சேராததால் ஈரம் புகாத வகை) ஒட்டினால் தகரம் வழியே போவது 650 வாட்டுக்கு இறங்கும். கண்ணாடிக்கு இரவில் ஃபோம் மறைப்பு வைத்தால் அது பாதியாகும். மொத்தம் 900 வாட் அளவில் நிற்கும். அதாவது 2 கிலோவாட் ஹீட்டர் ஃபோம் அடித்த வேனுக்கு தாராளம், வெறும் தகர வேனுக்குப் போதாது.

ரெஜிஃபோம் வேண்டாம். வேனின் உட்பக்கம் வளைவு, ரெஜிஃபோம் வளையாது. பலகைக்கும் தகரத்துக்கும் இடையில் விடுபடும் சந்துக்குள் உள்ளே இருக்கும் ஈரக்காற்று போய், குளிர்ந்த தகரத்தில் தண்ணீராக நிற்கும். வெளியிலிருந்து ஒன்றும் தெரியாது, கீழே கதவுப் படி (சில்) பக்கம் துருப்பிடித்து ஓட்டை விழும்போதுதான் தெரியும். கண்ணாடிப் பஞ்சும் வேண்டாம், அது ஈரத்தைக் குடித்துவிட்டுக் கனத்துத் தொங்கும். கூரைத் தகரத்துக்குக் கீழே விரிக்கிற மெல்லிய வெள்ளி ஹீட் ஷீட்டை மட்டும் நம்பாதீர்கள். 4, 5 மி.மீ. தடிப்பு குளிரைத் தாங்காது. பசையுள்ள மூடிய துளை ஃபோம், 10 மி.மீ. என்றால் இரண்டு தட்டு, தகரத்தை தின்னர் போட்டுத் துடைத்து, காற்றுக் குமிழ் இல்லாமல் ரோலரால் அழுத்தி ஒட்டுங்கள். தகர விலா எலும்புகளின் முகத்திலும் 5 மி.மீ. ஆவது ஒட்ட வேண்டும். அதை விட்டால் காலையில் வரிவரியாகத் தண்ணீர் வடியும்.

ஹீட்டர்: டீசல் காற்று ஹீட்டர் (மூடிய எரியறையில் டீசலை எரித்து, சூடான காற்றை மட்டும் உள்ளே ஊதுவது), 2 கிலோவாட். சீன ஹீட்டர்கள் பெரும்பாலும் "5 கிலோவாட்" என்று எழுதி வருகின்றன, பெரிது நல்லது என்று வாங்கிவிடாதீர்கள். தேவை 900 வாட்டாக இருக்கும் இடத்தில் 5 கிலோவாட் ஹீட்டர் இரவு முழுக்க அடிமட்டத்தில் முனகிக்கொண்டு கிடக்கும். அடிமட்டத்தில் எரியறை போதிய சூடாகாது, கரி படியும்.

இனி மலைநாட்டுக்காரர் கட்டாயம் கவனிக்க வேண்டிய விஷயம். நுவரெலியா 1868 மீற்றர். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 80 வீதம்தான். ஹீட்டர் பம்ப் டீசலை அளந்து தட்டும், காற்றை ஃபேன் தள்ளும். உயரத்தில் அதே ஃபேன் சுற்றுக்கு வரும் ஒட்சிசன் குறைவு, டீசல் மட்டும் அதே அளவு. கலவை தடிக்கிறது, கரும்புகை, கரி. கொழும்பில் பொருத்தி அழகாக வேலை செய்த ஹீட்டர் நானுஓயா தாண்டியதும் நாலாம் நாள் பற்ற மறுப்பதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். வெபாஸ்டோ, எபர்ஸ்பெக்கர் போன்ற பெயர்பெற்ற கம்பனி ஹீட்டர் வாங்குவதாக இருந்தால் அந்த மொடலின் உயர எல்லையைப் புத்தகத்தில் பாருங்கள், உயர சென்சர் உள்ளதா என்றும் கேளுங்கள். சீன ஹீட்டரில் கொன்ட்ரோலரிலேயே உயரத்துக்கான மோட் சிலவற்றில் உண்டு. இல்லையென்றால் பம்பின் ஹெர்ட்ஸை (நொடிக்கு எத்தனை தட்டு என்பதை) கையால் குறைக்கலாம்: உயர்மட்டம் 4.5 என்றிருந்தால் 3.7 அளவுக்கு, அடிமட்டத்தையும் அதே விகிதத்தில். ஃபேன் சுற்றை அப்படியே விடுங்கள். டீசலைக் குறைத்தால் சூடும் 20 வீதம் குறையும், 2 கிலோவாட் 1.6 ஆகும். உங்கள் தேவை 0.9. பிரச்சினை இல்லை.

டீசல் செலவு: சராசரி 1 கிலோவாட் சூட்டுக்கு மணிக்கு 0.12 லீற்றர் அளவு. ஒன்பது மணி நேர இரவுக்கு 1 முதல் 1.5 லீற்றர் வைத்துக்கொள்ளுங்கள்.

பொருத்தும்போது பிழைக்கிற இடங்கள் இவை:

பம்பை வெளிவாய் மேலே பார்க்க 15 முதல் 35 பாகை சாய்த்துக் கட்ட வேண்டும். படுக்க வைத்தால் காற்றுக் குமிழ் உள்ளே தங்கி, சுவாலை விட்டு விட்டு எரியும். டீசல் குழாய் 2 மி.மீ. உள்விட்டமுள்ள கடின நைலோன். இணைக்கிற இடத்தில் மட்டும் ரப்பர், அதுவும் குழாய் நுனிகள் இரண்டும் உள்ளே முட்டிக்கொள்ள வேண்டும். பெரிய ரப்பர் குழாய் முழுநீளம் போட்டால் குமிழ் கட்டும்.

டாங்கியிலிருந்து எடுக்கும் குழாயை அடிவரை இறக்காதீர்கள். 5, 6 செ.மீ. மேலே நிறுத்துங்கள். அடிச்சேறும் வராது, ஹீட்டர் டாங்கியைக் காலியாக்கி உங்களைக் காட்டில் விடவும் மாட்டாது.

புகைக்குழாயின் எல்லா மூட்டும் தரைக்கு வெளியே இருக்க வேண்டும். ஒன்று கூட உள்ளே வேண்டாம். குழாய் வெளிநோக்கிச் சரிந்து போகட்டும், தாழ்ந்த இடத்தில் 5 மி.மீ. ஓட்டை, தண்ணீர் வடிய. பிரேக் லைன், வயர், டாங்கி எதற்கும் 5 செ.மீ. நெருங்கக் கூடாது. காற்று உறிஞ்சும் குழாயின் வாய் வேனின் பின்பக்கம் பார்க்க, புகை வாயிலிருந்து எட்ட.

ஹீட்டர் வயரை மெலிதாகப் போடாதீர்கள். பற்றும்போது குளோ பிளக் (டீசலைப் பற்றவைக்கும் சூட்டு முனை) இரண்டு மூன்று நிமிடம் 8 முதல் 10 அம்பியர் இழுக்கும். பெட்டரியிலிருந்து 5 மீற்றர் தூரத்துக்கு 2.5 சதுர மி.மீ. வயரில் 0.7 வோல்ட் விழும், 6 சதுர மி.மீ. என்றால் 0.3. வோல்ட் விழுந்தால் பிளக் சிவக்காது, வெள்ளைப் புகை மட்டும் வரும். அதைப் பார்த்துவிட்டு ஹீட்டர் பழுது என்று கழற்றுபவர்கள்தான் அதிகம்.

வாரத்தில் ஒரு தடவை அரை மணி நேரம் முழு வேகத்தில் ஓடவிட்டால் கரி எரிந்து போகும். எப்போதாவது ஒரு லீற்றர் மண்ணெண்ணெயில் ஓட்டினாலும் துப்புரவாகும். எப்போதுமே மண்ணெண்ணெயில் ஓட்டாதீர்கள், பம்புக்கு வழவழப்பு போதாது. குளோ பிளக் ஒன்று, அதைச் சுற்றியிருக்கும் சின்ன வலை இரண்டு, கேஸ்கெட் ஒரு செட் வேனிலேயே இருக்கட்டும்.

—

ஊவாக்காற்று எழுதியது:

பாஸ் சொன்ன ஃபோம் கணக்கு சரி. ஆனால் எல்லோரும் குளிரைப் பற்றியே பேசுகிறோம். மலைநாட்டில் வேனைக் கெடுப்பது ஈரம்.

காலத்தைப் பிரித்துப் பாருங்கள். நுவரெலியாவில் கடும் குளிர், உறைபனி விழுகிற இரவுகள், ஜனவரி, பெப்ரவரி. அந்த இரவுகளில் வானம் தெளிவாக இருப்பதால்தான் பனி விழுகிறது. மறுநாள் நல்ல வெயில். சோலார் நிரம்பும். மே கடைசியிலிருந்து செப்டெம்பர் வரை தென்மேல் மழை; ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலை, நுவரெலியா எல்லாம் நாள் முழுக்க நனைந்து கிடக்கும். இரவு 12, 13 பாகைதான், உறைகிற குளிர் இல்லை. ஆனால் காற்றில் ஈரம் 95 வீதம், வெயில் இல்லை, மெத்தை பூஞ்சணம் பிடிக்கும். அதே மாதங்களில் மலையின் மறுபக்கம், வெலிமடை, பண்டாரவளை, அப்புத்தளை காய்ந்து கிடக்கும், காற்றுத்தான் அடிக்கும். இந்த ஊவாப் பக்கத்துக்கு மழை டிசம்பர், ஜனவரியில். ஒக்டோபர், நவம்பரில் இரண்டு பக்கமும் மழை.

மூன்று பேர் தூங்கினால் ஒரு இரவில் மூச்சிலும் வியர்வையிலும் முக்கால் லீற்றருக்குக் குறையாத தண்ணீர் காற்றில் சேரும். அது வெளியே போகாவிட்டால் கண்ணாடியிலும் மெத்தைக்கு அடியிலும் போய் உட்காரும்.

இந்த ஈரத்துக்கு மருந்து, வெளியில் இருக்கும் அதே ஈரக்காற்றைச் சூடாக்கி உள்ளே விடுவதுதான். நம்பக் கஷ்டமாக இருக்கும். 13 பாகையில் 95 வீதம் ஈரமுள்ள காற்றை 20 பாகைக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் 60 வீதத்துக்கு இறங்கிவிடும், ஒரு சொட்டுத் தண்ணீரையும் எடுக்காமலே. அதனால் கூரை வெண்டிலேட்டரை இரண்டு விரல் திறந்து வைத்துவிட்டு ஹீட்டரை ஓட்டுங்கள். எல்லாவற்றையும் அடைத்துவிட்டு ஓட்டினால் டீசலும் போகும், ஈரமும் இருக்கும். 12 பாகை இரவில் உங்கள் தேவை 400 வாட் அளவுதான், ஹீட்டரின் அடிமட்டமே அதைவிடக் கூட. அந்த மிச்சச் சூடு வெண்டிலேட்டர் வழியே ஈரத்தைத் தூக்கிக்கொண்டு போகட்டும். ஹீட்டர் அடிக்கடி அணைந்து பற்றுவதும் குறையும், கரியும் குறையும்.

மெத்தைக்கு அடியில் பலகையில் ஓட்டைகள் போடுங்கள், அல்லது தென்னந்தும்பு விரிப்பு ஒன்று போட்டு மெத்தையைக் கொஞ்சம் தூக்கி வையுங்கள்.

இன்னொன்று: போவது பெரும்பாலும் பண்டாரவளை, எல்ல பக்கம் மட்டும் என்றால் ஹீட்டரே தேவையில்லை என்பேன். 1000 முதல் 1200 மீற்றரில் நல்ல போர்வையும், ஆளுக்கொரு ரப்பர் சுடுதண்ணீர்ப் பையும், 12 வோல்ட் மின் போர்வையும் போதும். உங்கள் பட்டியலில் அம்பேவெல, பட்டிப்பொல இருப்பதால்தான் பாஸோடு ஒத்துப்போகிறேன்.

—

பெட்டரிப்பெட்டி எழுதியது:

கரண்ட் பகுதி.

முதலில் ஒரு ஆசையை வெட்டிவிடுகிறேன்: பெட்டரியில் இருந்து சூடு எடுக்க முடியாது. 100 அம்பியர் மணி லிதியம் இரும்பு பொஸ்பேட் பெட்டரியில் இருப்பது 1280 வாட் மணி. 1000 வாட் ஹீட்டரை இன்வேட்டரில் போட்டால் ஒரு மணி நேரம் சொச்சத்தில் தீர்ந்தது. கெட்டில், இண்டக்‌ஷன் அடுப்பு எல்லாம் அதே கதை. 2000 வாட் இண்டக்‌ஷன் 12 வோல்டில் 175 அம்பியருக்கு மேல் இழுக்கும். மின் போர்வை மட்டும் விதிவிலக்கு, அது 50 வாட், பாதி நேரம் அணைந்திருக்கும், இரவுக்கு 200 வாட் மணி.

உங்கள் ஒரு நாள் செலவு, நுவரெலியாக் காலநிலையில்:
பிரிட்ஜ், 12 வோல்ட் கொம்ப்ரசர் வகை, 40 லீற்றர்: 300 வாட் மணி (கொழும்பு வெக்கையில் இதே பிரிட்ஜ் இன்னும் கூடக் குடிக்கும்)
டீசல் ஹீட்டரின் ஃபேன், பம்ப், பற்றுதல்: 180
லெப்டொப், போன்: 180
லைட், தண்ணீர்ப் பம்ப், கூரை ஃபேன்: 90
ரைஸ் குக்கர் 700 வாட், 25 நிமிடம்: 300, இன்வேட்டர் இழப்போடு 330

குக்கர் இல்லாமல் 750, குக்கரோடு 1080. 200 அம்பியர் மணி பெட்டரியில் 2560 இருக்கிறது, 2200 பயன்படுத்தலாம் என்று எடுங்கள். வெயில், ஓட்டம் எதுவும் இல்லாமல் குக்கரோடு இரண்டு நாள், குக்கர் இல்லாமல் மூன்று நாள் அளவு. 100 என்றால் ஒரு நாள்தான், மூடுபனி இரண்டாம் நாளும் கலையாது. ஆகவே 200. சோறு காஸில் ஆக்கினால் மூன்றில் ஒரு பங்கு கரண்ட் மிச்சம், அதையும் யோசியுங்கள். அந்த உயரத்தில் தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடும், அரிசி வேக நேரம் எடுக்கும், எந்த அடுப்பானாலும் பிரஷர் குக்கர்தான் கெட்டிக்காரத்தனம்.

பெட்டரியை வேனின் உள்ளே, ஆசனத்துக்கு அடியில் வையுங்கள். இந்த வகை லிதியத்தை 0 பாகைக்குக் கீழே சார்ஜ் செய்தால் கெட்டுவிடும். உள்ளே இருந்தால் அந்தப் பயமில்லை. வெளியே சேசிஸில் தொங்கவிட்டால் உறைபனிக் காலையில் அதுதான் நடக்கும்.

சோலார். நாம் இருப்பது 7 பாகை அகலாங்கில், கூரையில் தட்டையாகவே போடலாம், சாய்க்கும் ஸ்டாண்ட் வீண் பாரம். வீட்டுக் கூரைக்கு விற்கும் 550 வாட் பெனல் ஒன்று சுமார் 2.28 மீற்றர் நீளம், 1.13 மீற்றர் அகலம், 28 கிலோ. கேடிஎச் கூரையில் வெண்டிலேட்டருக்கும் இடம் விட்டு உட்காரும். கரவனுக்கென்று விற்கும் சின்னப் பெனல்களை விட வாட்டுக்கு வாட் மலிவு. வளையும் பெனலை ஒட்டாதீர்கள், அடியில் காற்று போகாமல் சூடேறிச் சீக்கிரம் செத்துவிடும். கேடிஎச் கூரை ஓரத்தில் மழைக்கான் உண்டு. ரூஃப் ரெக் பிடிக்கும் கிளாம்ப் அதில் மாட்டும், கூரையைத் துளைக்கத் தேவையில்லை. துளைக்காத கூரை ஒழுகாது.

நல்ல வெயில் நாளில் 550 வாட்டுக்கு 2000 வாட் மணி வரும். ஜூன், ஜூலை மூடுபனியில் 500, 600தான். அதாவது ஜனவரியில் மிஞ்சும், ஜூலையில் ஏறக்குறைய பாதி பற்றாக்குறை. கிரெவிலியா மரத்தடியில் நிறுத்தினால் வெயில் நாளிலும் மூடுபனிக் கணக்குத்தான்.

பெனலுக்கும் பெட்டரிக்கும் நடுவே போடும் சார்ஜ் கொன்ட்ரோலர் எம்பிபிடி வகை (பெனலிலிருந்து ஆகக்கூடிய வலுவை எடுப்பது), 100 வோல்ட், 50 அம்பியர். 30 அம்பியர் வாங்கினால் 400 வாட்டுக்கு மேல் எடுக்காது. பிற்காலத்தில் ரோசா, கோஸ்டர் போன்ற பெரிய கூரையில் இரண்டு பெனல் போடுபவர்கள் கவனிக்க: இந்தப் பெனலின் திறந்த வோல்ட் 50 அளவு, குளிரில் அது இன்னும் ஏறும். 5 பாகைக் காலையில் ஒன்று 52, 53 காட்டும். இரண்டைத் தொடராக மாட்டினால் 105, 100 வோல்ட் கொன்ட்ரோலர் முதல் குளிர் காலையிலேயே போய்விடும். சமாந்தரமாக மாட்டுங்கள், அல்லது 150 வோல்ட் கொன்ட்ரோலர் எடுங்கள். ரோசா, கோஸ்டர் 24 வோல்ட் வண்டிகள் என்பதையும் மறக்காமல் ஹீட்டர் வாங்குங்கள்.

ஜூலைப் பற்றாக்குறையை அடைப்பது வண்டி ஓட்டம். எஞ்சின் பெட்டரியிலிருந்து 30 அம்பியர் டிசி டிசி சார்ஜர் ஒன்று. ஹட்டனிலிருந்து நுவரெலியாவுக்கு ஒன்றரை மணி நேரம் என்றால் 45 அம்பியர் மணி, ஏறக்குறைய 570 வாட் மணி. வெறும் ரிலே போட்டு லிதியத்தை நேரடியாக ஒல்டனேட்டரில் மாட்டாதீர்கள். லிதியம் கேட்கிற அளவுக்கெல்லாம் இழுக்கும், மெதுவாக மலை ஏறும்போது குளிர்காற்றுக் குறைந்த ஒல்டனேட்டர் கருகும்.

இன்வேட்டர் 1000 வாட், சுத்த சைன் வகை. 35 சதுர மி.மீ. வயர், நீளம் ஒரு மீற்றருக்குள், 125 அம்பியர் ஃபியூஸ் பெட்டரி முனைக்குப் பக்கத்திலேயே. ஃபியூஸை இன்வேட்டர் பக்கத்தில் வைப்பவர்கள் உண்டு. பெட்டரிக்கும் ஃபியூஸுக்கும் இடையிலான வயர் உரசிச் சோட் ஆனால் அந்த ஃபியூஸ் பார்த்துக்கொண்டு இருக்கும், வேன் எரியும்.

ஜெனரேட்டர் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நல்லது. 1900 மீற்றரில் ஐந்தில் ஒரு பங்கு வலுவை இழக்கும், சத்தத்தைத் தோட்டம் முழுக்கக் கேட்கலாம்.

—

ஹட்டன்_ரோட் எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. ஃபோம் வாங்குகிறேன், 200 பெட்டரி என்று முடிவு செய்துவிட்டேன். இரண்டு சந்தேகம். சிலிண்டர் எப்படியும் வேனில் இருக்கிறதே, அதிலேயே மாட்டுகிற சிவப்பாக எரியும் காஸ் ஹீட்டர் விற்கிறார்களே, புகைக்குழாய் கூட வேண்டாமாம். அது ஏன் கூடாது? மற்றது, பங்களா முற்றத்தில் கரண்ட் எடுக்கும்போது வேனுக்குள் எதைப் பொருத்த வேண்டும்?

—

டீசல்_பாஸ் எழுதியது:

தம்பி, புகைக்குழாய் வேண்டாம் என்பதுதான் அது கூடாததற்குக் காரணம். அது எரிக்கிற ஒட்சிசன் உங்கள் பிள்ளை மூச்சு விடுகிற ஒட்சிசன். காற்றுக் குறைந்ததும் காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயு வரும். மணம் இல்லை, இருமல் வராது, தூக்கத்தோடு தூக்கமாகப் போய்விடும். கரிச்சட்டியைக் கொண்டுவந்து கதவை அடைத்துக்கொள்வதும் இதேதான். வெளியே குளிர்காயக் கரி மூட்டலாம். தணலாகிவிட்டது, புகை இல்லை என்று உள்ளே எடுக்கவே கூடாது. தணல்தான் ஆகக் கூடாதது.

உயிர்ப் பயத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும், ஒரு கிலோ காஸ் எரிந்தால் ஒன்றரை லீற்றர் தண்ணீர் ஆவியாகக் காற்றில் சேரும். மேலே சொன்ன ஈரத்தோடு அதையும் கூட்டுங்கள். போதாததற்கு நம் சிலிண்டரில் பியூட்டேன் உண்டு. அது 0 பாகைக்குச் சற்றுக் கீழேயே ஆவியாவதை நிறுத்தும். 5 பாகை இரவில் சின்னச் சிலிண்டரிலிருந்து தொடர்ந்து இழுத்தால் சிலிண்டர் தானே குளிர்ந்து, விடிகாலையில், குளிர் அதிகமான நேரத்தில், சுவாலை வாடும். புகைக்குழாயோடு வரும் ட்ரூமா போன்ற காஸ் ஹீட்டர் பாதுகாப்பானது, அது வேறு வகை. ஆனால் அதற்கும் காஸ் இதேதான், சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு கடை தேட வேண்டும். டீசல் வண்டியின் டாங்கியிலேயே இருக்கிறது.

சமையல் சிலிண்டர் தனிப் பெட்டியில் இருக்கட்டும். உட்பக்கம் காற்றுப் புகாமல் அடைத்து, பெட்டியின் அடியில் வெளியே திறக்கும் ஓட்டை. காஸ் காற்றை விடக் கனம், கீழேதான் தேங்கும். மேலே ஓட்டை போட்டுப் பயனில்லை. தூங்கப் போகுமுன் சிலிண்டர் வாயிலேயே மூடுங்கள், அடுப்பில் மட்டும் அல்ல.

டீசல் ஹீட்டரின் புகை வாயை வலப்பக்கம் விடுங்கள். இடப்பக்கம் இழுவைக் கதவு. அதோடு நம் பாதையில் இடப்பக்கமாக ஒதுக்கி நிறுத்தினால் அந்தப் பக்கம் பெரும்பாலும் மண் மேடு அல்லது கல் கட்டு. புகை மேட்டில் மோதித் திரும்பி வேனுக்கு அடியில் தேங்கும். கதவைத் திறந்தால் உள்ளே. காபனோரொட்சைட்டு அலாரம் ஒன்று, தலையணை உயரத்தில், கட்டாயம். புகை அலாரம் அதைக் கண்டுபிடிக்காது.

—

பெட்டரிப்பெட்டி எழுதியது:

முற்றத்துக் கரண்ட்:

வேனின் வெளிச்சுவரில் மூடியுள்ள நுழைவுச் சொக்கட், அதிலிருந்து நேரே 30 மில்லி அம்பியர் டிரிப் சுவிட்ச், இரண்டு வயரையும் வெட்டும் வகை. பின்னால் 16 அம்பியர் பிரேக்கர். வேனின் இரும்பு உடலை எர்த்தோடு 6 சதுர மி.மீ. வயரால் இணையுங்கள். கரண்ட் வரும்போது இன்வேட்டரும் அதே சொக்கட்டுகளுக்கு வராதபடி மாற்றுச் சுவிட்ச் ஒன்று வேண்டும். இரண்டும் மோதினால் இன்வேட்டர் அந்த நொடியே போய்விடும்.

எக்ஸ்டென்ஷன் 2.5 சதுர மி.மீ., மூன்று கோர், 25 மீற்றர். உருளையில் சுற்றியிருந்தால் ஹீட்டர் போடும்போது முழுவதும் அவிழ்த்து விடுங்கள். சுற்றியபடி 1500 வாட் ஓட்டினால் உள்சுற்று உருகும். பழைய பங்களாக்களில் 5, 15 அம்பியர் வட்ட முள், புதியவற்றில் 13 அம்பியர் சதுர முள். 15க்கும் 13க்கும் அடப்டர் செய்து வைத்துக்கொள்ளுங்கள், 5 அம்பியர் பொயின்டில் ஹீட்டர் மாட்டவே வேண்டாம்.

மாட்டும் முன் சொக்கட் டெஸ்டரால் எர்த் பாருங்கள். பழைய வயரிங்கில் எர்த் ஓட்டை இருக்கும், உள்ளே வயர் இருக்காது. எர்த் இல்லை என்றால் வேனை மாட்டாதீர்கள். ரப்பர் டயரில் நிற்கும் இரும்புப் பெட்டி அது. ஈர மண்ணில் நின்று கதவுக் கைப்பிடியைப் பிடிப்பவருக்குத்தான் அடிக்கும்.

எர்த் சரி, 13 அம்பியர் கிடைக்கிறது என்றால் அன்றிரவு டீசலை விடுங்கள். 1000 வாட் எண்ணெய் ரேடியேட்டர் ஹீட்டர் ஒன்று, 20 அம்பியர் பெட்டரி சார்ஜர் ஒன்று, இரண்டும் சேர்ந்து 6 அம்பியருக்குள். தோட்டத்துக் கரண்ட் லைனின் கடைசியில் மாலை நேரம் வோல்ட் இறங்கும். 180 வோல்ட் வரை தாங்கும் சார்ஜராகப் பார்த்து வாங்குங்கள். மார்ச், ஏப்ரல், ஒக்டோபர், நவம்பர் பின்னேரங்களில் இடி கேட்டால் பிளக்கை இழுத்துவிடுங்கள், சுவிட்சை அணைப்பது போதாது.

—

ஹட்டன்_ரோட் எழுதியது:

கடைசியாக ஒன்று. வேனை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போகும்போது எல்லாவற்றையும் ஒரே அடியாக அணைக்க ஒரு மெயின் சுவிட்ச் வைக்கிறேன். ஹீட்டரும் அதன் வழியாகவே போகலாமா?

—

டீசல்_பாஸ் எழுதியது:

வேண்டாம். ஹீட்டருக்கு பெட்டரியிலிருந்து தனி வயர், தனி 15 அம்பியர் ஃபியூஸ், மெயின் சுவிட்சுக்கு முன்னால் எடுங்கள். அணைத்த பிறகும் ஃபேன் மூன்று முதல் ஐந்து நிமிடம் ஓடி எரியறையைக் குளிர வைக்கும். அதற்குள் கரண்டை வெட்டினால் உள்ளே நிற்கும் சூடு சென்சரையும் ஃபேனையும் பிளாஸ்டிக் கூட்டையும் சுட்டுவிடும். பெட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்புச் சர்க்கிட்டான பிஎம்எஸ் திடீரென்று வெட்டினாலும் இதே கதி. அதனால் பெட்டரி மொனிட்டரில் 20 வீதத்துக்கு அலாரம் வையுங்கள். அடித்தால் முதலில் ஹீட்டரைக் கொன்ட்ரோலரில் அணைத்து, ஃபேன் நிற்கும் வரை இருங்கள். பிறகு எதை வேண்டுமானாலும் வெட்டுங்கள்.